மைக்ராஸ்கோப்புக்கு மாலை எதற்கு?

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், நமது ராயபுரம் உழைப்பாளர் இலவச மருந்தகத்தின் தலைவர், பெரியவர் வெள்ளத்துரை அவர்களே! பாளையங்கோட்டையிலிருந்து ரயிலேறி வந்து, உடன்பிறந்தவளைப் பறிகொடுத்த துயரத்தோடு மேடையில் அமர்ந்திருக்கும் அம்மையார் தங்கபுஷ்பம் அவர்களே! மருந்தகத்தின் இளைய மருத்துவர் கலீலுல்லா அவர்களே! துறைமுகத்திலே மூட்டை சுமக்கும் தோழர்களே! பெரம்பூர் ரயில் பட்டறைத் தோழர்களே! வியாசர்பாடி லைன் வீடுகளிலிருந்து பிள்ளைகளை இடுப்பில் சுமந்துகொண்டு நடந்தே வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் கம்பவுண்டர் கோதண்டத்தின் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. மருந்து கலக்க வரும். ஊசி போட வரும். கோபம் நன்றாக வரும். நம் டாக்டரம்மா சுகிர்தம் அவர்களோடு இத்தனை ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவன் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடு, கோதண்டம்" என்று கமிட்டியில் எச்சரித்தும் அனுப்பியிருக்கிறார்கள். நல்ல வார்த்தை சொல்கிறேன். இறங்குவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

முதலில் இந்த மேசையைப் பாருங்கள். டாக்டரம்மாவின் படம் இருக்கிறது. படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். போடட்டும், அதுதான் முறை. படத்துக்குப் பக்கத்திலே என்ன இருக்கிறது? அவருடைய மைக்ராஸ்கோப்! அதற்கும் சம்பங்கி மாலை! அதன் நெற்றியிலே சந்தனப் பொட்டு! கூட்டம் தொடங்கும் முன்னால் ஒரு பக்திமான் அதற்குப் பன்னீரும் தெளித்தார். நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கூட்டத்தின் முடிவில் இரண்டு தீர்மானங்கள் வரப்போகின்றன. கை தூக்குமுன் என்னவென்று தெரிந்துகொண்டு தூக்குங்கள். டாக்டரம்மாவின் நினைவாக மருந்தகத்திலே ஓர் ஊசி மண்டபம் கட்டுவது, வயிற்றுக்கடுப்பும் ரத்தமும் என்று யார் வந்தாலும் காக்க வைக்காமல் உடனே எமிட்டின் ஊசி போடுவது என்பது ஒன்று. அம்மாவின் மைக்ராஸ்கோப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வருகிறவர்கள் கும்பிடும்படி வாசலில் நிறுத்துவது என்பது மற்றொன்று. மருந்தகத்தில் இருப்பதே இந்த ஒரு மைக்ராஸ்கோப்தான், தோழர்களே! இதைப் பூட்டிவிட்டால் நாளைக்கு எதை வைத்துப் பார்ப்பது?

இன்று காலையே அது மேசையை விட்டுக் கிளம்பிவிட்டது, அலங்காரத்துக்காக. காலையிலே காலடிப்பேட்டை கோவிந்தம்மா வந்தார். மகள் வரலட்சுமிக்கு ரத்தபேதி. அந்தப் பெண் வயிற்றுப்பிள்ளைக்காரி. "பார்க்கும் யந்திரம் இல்லை, ஊசி வேண்டுமானால் போடலாம்" என்று கமிட்டி ஆள் ஒருவர் சொன்னார். நான் இடையிலே புகுந்து, அந்தப் பெண்ணை மருந்தகத் தாழ்வாரத்திலேயே படுக்க வைத்துவிட்டு, கோவிந்தம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மருந்தகம் அடுத்த தெருதானே. நான் பேச்சுக்கு நடுவே அடிக்கடி வாசலைப் பார்த்தால் தப்பாக நினைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு ஆத்திரம் என்கிறீர்களா? டாக்டரம்மா எதற்காக வாழ்ந்தார் என்று தெரிந்தால் உங்களுக்கும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இதே மண்டபத்திலே கரும்பலகையை நிறுத்தி அவர் பேசுவார். நினைவிருக்கிறதா? "உலகத்து உயிரெல்லாம் ரெண்டே குடி" என்று தொடங்குவார். உள்ளறை உள்ள குடி, உள்ளறை இல்லாத குடி. எந்த உயிரை எடுத்தாலும் அது உயிரணுக்களால் ஆனது. உயிரணு என்பது கண்ணுக்குத் தெரியாத சின்ன வீடு. நம் குடியின் வீட்டுக்கு நடுவே ஓர் உள்ளறை உண்டு, அதற்குத் தனிச் சுவரும் உண்டு. படித்தவர்கள் அதை உட்கரு என்பார்கள். பரம்பரைச் சொத்து முழுவதும் நூல் நூலாக அதற்குள்ளே பத்திரமாக இருக்கும். வீடு இரண்டாகப் பிரியும் காலம் வந்தால் அந்த நூல்கள் தடித்து, நடுவிலே வரிசையாக நின்று, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து, இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி என்று போய்ச் சேரும். "அண்ணன் தம்பி சண்டையில்ல, வக்கீல் இல்ல, என்ன ஒழுங்கு பாருங்க!" என்று அவரே வியந்துகொள்வார். உள்ளறைக்கு வெளியே சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கும். நாம் இழுக்கிற மூச்சைக் கொண்டு சோற்றை எரித்துச் சக்தி எடுப்பது அங்கேதான். மரம் செடியாக இருந்தால் வெயிலைப் பிடித்துச் சமைக்கும் பச்சை மணிகளும் கூட இருக்கும். மற்றக் குடியின் வீடோ மிக மிகச் சிறியது. வெளிச்சுவர் உண்டு. உள்ளறை கிடையாது, தனி அடுப்பு கிடையாது. எல்லாமே ஓரிடத்தில்தான். காலராக் கிருமி, டைபாய்டு கிருமி எல்லாம் அந்தக் குடி.

இப்படி அவர் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், அதோ மூன்றாம் வரிசையிலே மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, பட்டறையில் சம்மட்டி அடிக்கும் அப்பாவு, வியாசர்பாடியின் குத்துச்சண்டைப் புலி, அவர் எழுந்தார்.

"டாக்டரம்மா, எங்க லைன் வூடும் ஒரே ரூமுதான். அதுலதான் சமையலு, அதுலதான் படுக்கை, அதுலதான் பொட்டி படுக்கை எல்லாம் கீது. அப்ப நாங்க இன்னா, கிருமியா?"

டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. புடவைத் தலைப்பாலேயே கரும்பலகையைத் துடைத்தார்.

"அப்பாவு, நான் சொன்ன உவமை தப்பு. அழிச்சிட்டேன். ஒத்தை அறையில இருக்கிறது தாழ்வுன்னு யாரும் நினைக்கக் கூடாது. பூமியில முதமுதல்ல குடியேறினது அவங்கதான்னு சொல்லுதாங்க. உங்க வீட்டுத் தயிர் உறையுறது அவங்க புண்ணியம். ஆனா நீங்களும் நானும் அந்தக் குடியில்ல. அவ்வளவுதான்."

அந்தப் பாளையங்கோட்டைப் பேச்சு, ராயபுரத்தில் எத்தனை ஆண்டு இருந்தும் மாறவே இல்லை. பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப கள்ளுல நொரைக்குதே, அது எந்தக் குடிம்மா?" "அது நம்ம குடி. ஈஸ்ட்டுன்னு பேரு. உள்ளறை உண்டு." அவ்வளவுதான்! "கேட்டியா மாமு? கள்ளு நம்ம சொந்தக்காரன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க!" மதுவிலக்குக் காலத்திலே இப்படி ஒரு சான்றிதழா! மண்டபமே அதிர்ந்தது. காளான், தென்னை, சுறா, கொசு, ரத்தத்துக்குள் புகுந்து மலேரியாக் காய்ச்சலைத் தரும் நுண்ணுயிர், குடலை அரிக்கும் அமீபா, நம் தலைவர் ஐயா எல்லாரும் ஒரே குடி என்று அம்மா அடுக்கினார். "என்னையப் போயி அமீபாவோட சேத்துட்டியளே அம்மா!" என்று ஐயா அலறினார். "சேத்தது நானில்லை ஐயா, பிறப்பு" என்றார் அம்மா. ஐயா, நீங்களும் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். இப்போதும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அம்மாவை நினைத்துச் சிரிப்பது பாவமில்லை.

ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவர் சொன்னதை எத்தனை பேர் காதில் வாங்கினோம்? "பங்காளி வீட்டுக்குத் தீ வச்சா நம்ம கூரையும் பத்தும்" என்றார். ரத்தபேதியிலே இரண்டு உண்டு. இரண்டிலும் அதே ரத்தம், அதே சளி, அதே கடுப்பு. வெளியே நின்று பார்க்கிற எவனாலும் வேறுபாடு சொல்ல முடியாது. ஒன்று அமீபாவால் வருவது. அது நம் குடி. அதைக் கொல்லும் எமிட்டின், நம்மையும் தொடாமல் விடாது. இதயத்தைக் களைக்கச் செய்யும். அளவு தப்பினால், ஆள் தப்பினால், நின்றேவிடும். மற்றொன்று உள்ளறை இல்லாத குடியால் வருவது. அவர்கள் தங்களுக்கென்று வேறு ஒரு சமையல் செய்துகொள்கிறார்கள். சல்ஃபா மாத்திரை அந்தச் சமையலில்தான் மண்ணைப் போடும். நமக்கு அந்தச் சமையலே இல்லை, அதனால் நம்மை அவ்வளவாகத் தொடாது. அமீபாவுக்குச் சல்ஃபா கொடுத்தால் பயனில்லை; மற்றதற்கு எமிட்டின் போட்டால் பயனில்லாததோடு ஆபத்தும் உண்டு. அப்படியானால் முதலில் செய்ய வேண்டியது என்ன? பார்க்க வேண்டும்! எந்தக் குடி என்று பார்க்க வேண்டும்! தினம் காலையில் நான் ஊசிக் குழாயைக் கையில் எடுத்தால் உள்ளிருந்து குரல் வரும்: "கோதண்டம், பாத்தாச்சா?" பார்க்காமல் நம் மருந்தகத்தில் ஒரு சொட்டு எமிட்டின் இறங்கியதில்லை.

பார்ப்பது சுலபமா? அமீபா சூட்டிலேதான் நகரும். ஆறிப்போனால் உருண்டையாகச் சுருண்டு செத்ததுபோல் கிடக்கும். தண்ணீர் பட்டால் வெடித்தே போகும். ஆகவே அம்மா ஒரு வழக்கம் கொண்டுவந்தார். சட்டியிலே வெதுவெதுப்பான உமிச்சாம்பலை நிரப்பி, அதற்குள் தகர டப்பாவைப் புதைத்து, நோயாளியின் மலத்தை வெளியேறிய சூட்டோடு கொண்டுவர வேண்டும். முதலில் முகம் சுளித்தோம். "இன்னாடா கலீஜ்" என்று மூக்கைப் பொத்தினோம். "உமிச்சட்டி ஆஸ்பத்திரி" என்று பட்டணமே கேலி செய்தது. பிறகு என்ன ஆயிற்று? வியாசர்பாடிப் பெண்கள் உமிச்சட்டியைத் தலையிலே வைத்துக்கொண்டு பேசின் பிரிட்ஜைத் தாண்டி ஓடி வந்தார்கள்! வெட்கத்தை விட்டவர்கள் பிழைத்தார்கள், தோழர்களே!

அந்த அப்பாவுவின் கதைக்கு வருகிறேன். அப்பாவு, கோபித்துக்கொள்ளாதே. உன் வயிற்றுச் சமாசாரம் இன்று பொதுச் சொத்து.

போன வருஷம் கோடையிலே அப்பாவுக்கு ரத்தபேதி. அம்மா பார்த்தார். அமீபா, சந்தேகமே இல்லை; விரலை நீட்டுவதுபோல் உடம்பை நீட்டி நீட்டி ஊர்ந்துகொண்டிருந்தது, சிவப்பணுக்களை விழுங்கிக்கொண்டு. எமிட்டின் போட்டோம், எழுந்து நடந்தான். மழை தொடங்கியதும் லைன் முழுவதும் மறுபடி பேதி. அப்பாவு மறுபடி விழுந்தான். இந்த முறை காய்ச்சலும் சேர்ந்து வாழைத்தண்டுபோல் துவண்டான். போன தடவை எழுப்பிய ஊசியைத்தானே இந்தத் தடவையும் எல்லாரும் கேட்பார்கள்? கேட்டார்கள். போன ஊசியின் களைப்பு அவன் நாடியிலே இன்னும் தீரவில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். மறுபடி போட்டால் இதயம் தாங்குமா என்பது எங்களுக்கே தெரியாது.

அப்பாவுவின் மனைவி கெங்கம்மா உமிச்சட்டியோடு வந்தார். டப்பாவைத் திறந்தேன். திறந்தால் கல்யாண வீட்டு வாசனை! எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"கெங்கம்மா, இதுல என்ன ஊத்தினீங்க?"

"ஒண்ணும் ஊத்தலம்மா. நீங்கோ மொகம் வெச்சிப் பாக்கறீங்கோ. நாத்தம் அடிக்குமேன்னு கொஞ்சம் பன்னீர் தெளிச்சேன். தங்கச்சி கண்ணாலத்துல மிச்சம் இருந்துச்சு."

இதற்கு என்ன சொல்வது? புருஷன் சாகக் கிடக்கிறான். அந்த நேரத்திலும் டாக்டரம்மாவுக்கு மரியாதைக் குறைவு வந்துவிடக் கூடாது என்று அந்தப் பெண் பன்னீரைத் தேடி எடுத்திருக்கிறாள்! மரியாதைதான் செய்தாள். அந்த மரியாதையிலே டப்பாவில் இருந்ததெல்லாம் ஊதி வெடித்துப் போய்விட்டது. இருந்தது எந்தக் குடி, ஒன்றுமே தெரியவில்லை. நான் கத்த வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீங்க கொண்டுவர வேண்டாம் கெங்கம்மா. நானே வாரேன்" என்றார். மைக்ராஸ்கோப்பை மடியிலே வைத்துக்கொண்டு ரிக்ஷாவில் ஏறினார். நான் எமிட்டினையும் சல்ஃபாவையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

லைன் வாசலிலே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மைக்ராஸ்கோப்பை வைத்தார். மழை மேகம். அதன் அடிக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிக் கொஞ்சம் வெளிச்சத்தைப் பிடித்தார். சுற்றிலும் கூட்டம். அப்பாவுவின் அண்ணன் கிருஷ்ணப்பன், அவரும் குத்துச்சண்டைக்காரர்தான், என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"இன்னா நைனா, மருந்த கையில வெச்சிகினு வேடிக்க பாத்துகினு நிக்கிற? போன தபா இந்த ஊசிதான எழுப்பி வுட்டுச்சு? போடு! தம்பி போயிட்டான்னா இந்தக் கண்ணாடியும் இருக்காது, நீயும் இருக்கமாட்ட!"

உள்ளே அப்பாவு முனகுவது கேட்கிறது. கெங்கம்மா தலையில் அடித்துக்கொள்கிறார். அம்மாவோ குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"கிருஷ்ணப்பன், வெளிச்சத்தை மறைக்காதீங்க."

அந்த முரட்டு மனிதர் ஒதுங்கினார்! எப்படி ஒதுங்கினார் என்று அவருக்கே தெரியாது.

மைக்ராஸ்கோப்பிலே உயிரணுக்கள் இருந்தன. ஏராளமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் உள்ளறையும் இருந்தது. உள்ளறை இருந்தால் நம் குடி. நம் குடி என்றால் அமீபாவா? அவசரக்காரன் அங்கேதான் தப்புச் செய்வான், "அமீபா, போடு ஊசியை" என்பான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அமீபாவுக்கு உள்ளறை ஒன்றுதான், உருண்டை, அதன் நடுவிலே ஒரு புள்ளி. இவற்றிலே பெரும்பாலானவற்றுக்கு உள்ளறை இரண்டு மூன்று துண்டாகக் கணு விட்டிருந்தது. சூடு ஆறாமல் பார்த்தும் அமீபாபோல் ஒன்றும் ஊர்ந்து போகவில்லை. ஒன்றும் சிவப்பணுவை விழுங்கவில்லை. நிமிர்ந்தார்.

"இது அமீபா இல்ல. அப்பாவு உடம்பு அனுப்பின படை. இவன் ரத்தத்து வெள்ளணுக்கள். வேற குடியோட சண்டை போட்டுச் செத்துக் கிடக்கு. கோதண்டம், ஊசியைப் பெட்டியில வை. சல்ஃபா எடு."

ஊசி இல்லையென்றதும் கூட்டம் கொதித்தது. "மாத்திரையா? சாவுறவனுக்கு மாத்திரையா?" என்று கூச்சல். அம்மா உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைத் தன் கையாலேயே கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டு அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்தார். அவன் செத்திருந்தால் நாங்கள் இருவரும் லைனை விட்டு முழுசாக வெளியே வந்திருக்க மாட்டோம். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தார். அப்பாவு பிழைத்தான். மறுநாள் "பசிக்குது" என்றான். அதைக் கேட்டுக் கிருஷ்ணப்பன் தெருவிலே உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார். அதோ, இப்போதும் அழுகிறார்.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்ல வேண்டாம் என்றார்கள் கமிட்டியில். தங்கபுஷ்பம் அம்மா, நான் சொல்லட்டுமா? நீங்கள் வேண்டாம் என்றால் வாயை மூடிக்கொள்கிறேன்... தலையசைக்கிறார். சொல்கிறேன்.

டாக்டரம்மா எப்படி இறந்தார்? கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டையில் இந்தத் தங்கை வீட்டுக்குப் போன இடத்திலே ரத்தபேதி. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் பழுதுபட்ட இதயம் அவருக்கு. நமக்கெல்லாம் சொன்னாரா? சொல்லவில்லை. காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தார். பார்க்க வந்த மருத்துவர் நல்லவர், அம்மாவின் பெயர் கேட்டுக் கைகூப்பியவர். "இவ்வளவு பெரிய டாக்டரம்மா. இவங்க மலத்தைக் கேட்டு வாங்கிச் சோதிக்கிறதா? மரியாதையில்லாத வேலை" என்றாராம். இருப்பதிலேயே பெரிய மருந்து என்று எமிட்டின் ஊசியைப் போட்டாராம். போட்டுக்கொண்டே இருந்தாராம். ஒரு தடவை அம்மா கண் திறந்தார். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாத்தியளா?"

யாரும் பார்க்கவில்லை! ஊசியால்தான் போனார் என்று நான் சாதிக்கவில்லை. நோயால் போனாரா, மருந்தால் போனாரா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை. ஊரையெல்லாம் பார்க்கச் சொன்னவரை ஒருவரும் பார்க்கவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது, தோழர்களே! எனக்கு அழத் தெரியவில்லை, கத்தத்தான் தெரிகிறது. மன்னியுங்கள்.

தலைவர் ஐயா, உங்களைக் கேட்கிறேன். நீங்கள் கெட்டவரா? இல்லை. உங்கள் அரிசி மண்டியிலிருந்து வந்த கஞ்சியைக் குடித்துத்தான் இந்த வட்டாரத்து நோயாளிகள் எழுந்தார்கள். அம்மா போன செய்தி வந்த அன்று நீங்கள் மண்டியைப் பூட்டிவிட்டு இரண்டு வேளை பட்டினி கிடந்தது எனக்குத் தெரியும். கெங்கம்மா கெட்டவளா? இல்லை. அந்த ஊர் மருத்துவர் கெட்டவரா? அவரும் இல்லை. எல்லாரும் மரியாதைதானே செய்தார்கள்! ஐயா, நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியும் அதே பன்னீர்தான். அவர் பெயரைச் சொல்லிப் பார்க்காமல் ஊசி போடுவோமானால், நாம் அவருக்குக் கட்டுவது நினைவு மண்டபமா? அவர் வாழ்நாளெல்லாம் சொன்னதற்குக் கட்டும் கல்லறையா?

அதோ! வாசலில்! வழி விடுங்கள் தோழர்களே, வழி விடுங்கள்! கோவிந்தம்மா வருகிறார். உமிச்சட்டியோடு வருகிறார். நான்தான் வரச் சொன்னேன். கமிட்டி என்மேல் நடவடிக்கை எடுக்கட்டும், பிறகு எடுக்கட்டும். வாம்மா, மேடைக்கே வா. கூசாதே. இந்த மேடையிலே இன்றைக்கு உன் சட்டியைவிட உயர்ந்த மலர்வளையம் வேறு இல்லை. தண்ணீர் கிண்ணீர் பட்டதா?

"இல்ல நைனா. அப்படியே எடுத்தாந்தேன். பொண்ணு முடியலன்னு அழுதுகினு கீதுப்பா, சீக்கிரம் பாரு."

கேட்டீர்களா? "போடு" என்று சொல்லவில்லை. "பாரு" என்கிறார். ஐயா, இப்போது சொல்லுங்கள். சாம்பல் ஆறிக்கொண்டிருக்கிறது. மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. மைக்ராஸ்கோப் பெட்டிக்கா, மேசைக்கா? வயிற்றிலே பிள்ளையோடு ஒரு பெண் அடுத்த தெருவில் கிடக்கிறாள். ஊசியா, மாத்திரையா என்று நான் அவளிடம் போய் என்ன சொல்ல?

ஐயா எழுந்திருக்கிறார்... மைக்ராஸ்கோப்பிடம் போகிறார்... மாலையை நீங்களே கழற்றுகிறீர்களா ஐயா? கழற்றுங்கள். பொறுங்கள், பொறுங்கள், பன்னீர் ஈரம் இருக்கிறது, உங்கள் அங்கவஸ்திரத்தால் துடையுங்கள். மலத்தை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகட்டிலே ஒரு சொட்டும் படக்கூடாது. சந்தனத்தையும் துடையுங்கள். டாக்டர் கலீலுல்லா, வாருங்கள். அம்மாவோடு அதே மேசையில் குனிந்து பார்த்தவர் நீங்கள். உங்களைவிட யார் இருக்கிறார்கள்? கிருஷ்ணப்பன், மேசையை ஜன்னலோரம் நகர்த்து. ஐயா, நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

வெளிச்சத்தை மறைக்காதீர்கள்.

அவர் பார்க்கட்டும். அதுவரை உறுதிமொழியை நான் சொல்கிறேன், மெல்லச் சொல்கிறேன், நீங்கள் மனதுக்குள்ளே சொல்லுங்கள். டாக்டரம்மா சுகிர்தம் அவர்களே! நாளைக் காலை உங்கள் மைக்ராஸ்கோப் உங்கள் மேசையில் இருக்கும். வருகிற நோயாளி கூலியாக இருந்தாலும் கலெக்டராக இருந்தாலும், எந்தக் குடி என்று பார்த்த பிறகுதான் மருந்து. பெரியவர் என்று எவரையும் பார்க்காமல் விடமாட்டோம். எளியவர் என்று எவரையும் பார்க்காமல் அனுப்பமாட்டோம். ஊசி மண்டபம் வேண்டாம். இன்னொரு மைக்ராஸ்கோப் வாங்குவோம்.

இனி யாரும் பேச வேண்டாம். மௌன அஞ்சலிக்குத் தனியாக எழுந்து நிற்கவும் வேண்டாம். இப்போது இந்த மண்டபத்தில் இருக்கிறதே, இந்த அமைதி போதும்.

டாக்டர்... பாத்தாச்சா?

நகரவில்லையா? ஒன்றுகூட இல்லையா? நன்றாகப் பார்த்தீர்களா, எல்லாம் வெள்ளணுதானா? இன்னொரு தகடு போட்டுப் பாருங்கள், அவசரமில்லை... அதுவும் அப்படித்தானா? சரி.

கோவிந்தம்மா, ஊசி வேண்டாம். மாத்திரைதான். டாக்டர் அளவு சொல்லுவார், கஞ்சித் தண்ணீரை மட்டும் நிறுத்தாதே. ஐயா, மன்னிக்க வேண்டும், நன்றியுரையை வேறு யாராவது சொல்லட்டும். எனக்கு மருந்தகத்தில் வேலை இருக்கிறது.

வாம்மா, பெண் தனியாகக் கிடக்கிறாள். போகலாம்.